மாதிரி முகவரி

மறுகரையில் சூரியன் உதித்து ஒன்பது நாளாகியிருந்தது. மறைய இன்னும் ஐந்து நாள் இருந்தது. சுவர்க் கடிகாரம் மட்டும் பிடிவாதமாகக் காலை ஏழு என்று காட்டியதால், ஆவுடையப்பன் பல் துலக்கினார், காப்பியின் மணம் மட்டும் உள்ள ஏதோ ஒன்றைக் குடித்தார். பிறகு சாக்கடை அடைப்பு நீக்கும் பொறியின் கையேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, அதிலிருந்த முந்நூற்று நாற்பத்தோரு எழுத்து நீள முகவரி ஒன்றை உடைக்க உட்கார்ந்தார்.

அவர் தொழில் அதுதான். அரசாங்கத் தாளில் 'முகவரி அடுக்குநர், முதல் நிலை' என்று இருக்கும். நிலவின் மறுபக்கத்தில், பூமியைப் பார்க்கவே முடியாத ஓரிடத்தில், பெரும்பாலும் நெல்லைச் சீமைக்காரர்கள் குடியேறிய ஊர் மறுகரை. அங்கே கிடைக்கும் அலுமினியத்தைத் தாளைவிட மெலிதாகத் தட்டி, அதில் கையேடுகளை அச்சடித்துப் பூமிக்கும் மற்றக் குடியிருப்புகளுக்கும் அனுப்பினார்கள். ஒரு சூரியப் புயலில் உலகத்தின் பாதி நினைவகங்கள் துடைத்துவிட்டாற்போல் ஆனபிறகு, முக்கியமான எதுவும் தகட்டில் ஏற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது.

இன்னொரு சட்டமும் உண்டு. தகட்டில் எழுதிய ஒவ்வொரு செய்திக்கும் அது கிடைத்த வலை முகவரியை முழுசாகக் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் நீள முகவரியைச் சுருக்கித் தரும் நிறுவனங்கள் இருந்தன. ஒரு நாள் அவற்றில் பெரியது கடையை மூடியது. நாற்பது கோடிச் சுருக்கங்கள் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியாமல் போனது. கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான படக்குறிகளையும் முயன்று பார்த்தார்கள். திருடர்கள் அவற்றின் மேல் தங்கள் குறியை ஒட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில், மனிதக் கண் படிக்கிற எழுத்து, மனித விரல் அடிக்கிற எழுத்து, அதுவே போதும் என்று முடிவாயிற்று. ஆகவே முகவரிகள் வளர்ந்தன. கையேட்டில் கால் பங்கு செய்தி, முக்கால் பங்கு முகவரி.

வரிக்கு மீறிய முகவரியைக் கண்ட இடத்தில் வெட்ட முடியாது. சாய்கோடு வந்தால் அதற்குப் பின்னால் வெட்டலாம். புள்ளி வந்தால் அதற்கு முன்னால் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வாக்கியம் முடிந்ததென்று படிப்பவர் நின்றுவிடுவார். எண்ணை நடுவில் பிளக்கக் கூடாது. எதையும் சேர்க்கவும் கூடாது. இத்தனைக்கும் பிறகு வரிகள் ஓரத்தில் ஒன்றுக்கொன்று ஒத்து நிற்க வேண்டும். ஆவுடையப்பன் உடைத்த முகவரி, படிந்து வாரிய தலை மாதிரி இருக்கும். பொறிகள் முயன்று தோற்ற வேலை இது என்று அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

அறையில் அவரோடு இருந்தது மெய்யன் மட்டும். மெய்காண் பொறி என்பது அதன் முழுப்பெயர். முகவரி ஒன்றை அவர் அடுக்கியதும் மெய்யன் அதைக் கண்ணால் படித்து, அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து, "முகவரி உயிருடன் உள்ளது" என்றோ, "இல்லை" என்றோ சொல்லும். கேட்காமல் அதற்குமேல் பேசாது. நாள் முழுக்க அந்த அறையில் கேட்கும் ஒரே குரல் அதுதான். சில நாள் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே ஆவுடையப்பன் சரியாக இருக்கும் முகவரியை மறுபடி ஒருமுறை அடுக்குவார்.

பதினொரு மணிக்குத் தகட்டு வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் சுடலைமுத்து. நாற்பது வயது, வாய் ஓயாத மனிதர், வாரம் இருமுறை வந்து முடிந்த பக்கங்களை எடுத்துப் போவார்.

"என்ன அண்ணாச்சி, ஒரு கடுதாசி. இது மூணாவது. முன்ன ரெண்டு கொண்டாந்தேனே, என்னாச்சி?"

"அங்ஙனதான் கெடக்கும். பொறவு பாப்போம்னு வச்சேன்."

முதல் இரண்டும் மேசை ஓரத்தில் உறை பிரிக்காமல் கிடந்தன. சுடலைமுத்து உரிமையோடு மூன்றாவதைப் பிரித்துப் படித்தார். படிக்கப் படிக்க அவருடைய வாய் ஓய்ந்தது.

"அண்ணாச்சி, இது மதினியோட முகவரியப் பத்திலா."

ஆவுடையப்பனின் மனைவி உலகம்மாள் பூமிக்குப் போய்ப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய எலும்புகள் நிலவில் தேய்ந்துகொண்டே போயின. உடனே இறங்கிவிடுங்கள் என்றார் மருத்துவர். இரண்டு பேருமே போவதாகத்தான் பேச்சு. அந்த நேரம் பார்த்து ஆவுடையப்பனுக்கு முதல் நிலை கிடைத்தது. "ஒரு ரெண்டு வருசம்" என்றார். அவள் தன் பெட்டியை மட்டும் கட்டினாள். தனியாகக் கப்பல் ஏறினாள். போய் ஒரு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. தாள் நிறைய ஒரே முகவரி. இருநூற்றுப் பன்னிரண்டு எழுத்து. கண்டபடி வரி மடங்கி, ஒரு எண் மூன்று வரிகளில் சிதறி, அவள் கையெழுத்தில் இருந்தது. கீழே, 'வந்து பாருங்க'.

தென்காசியில் புது வீடு கட்டியிருப்பாள், அதன் படங்களைக் காட்டிக் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தார் அவர். கோபம் ஆறுமாதம் இருந்தது. கோபம் தீர்ந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. இத்தனை நாள் அந்த முகவரிக்குப் போகாதவன் இப்போது எந்த முகத்தோடு போவது? தொலைபேசி இல்லையா என்று கேட்பீர்கள். இரண்டு பேரிடமும் இருந்தது. மற்றவருக்கு வேண்டுமானால் அவரே பேசட்டும் என்று இரண்டு பேருமே நினைக்க அது வசதியாகவும் இருந்தது.

ஆனால் அந்த முகவரியை அவர் கைவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அதை நான்கு வரியாக அடுக்கினார். வரிக்கு ஐம்பத்து மூன்று எழுத்து, நான்கும் ஒரே அளவு. அவர் வாழ்நாளிலேயே சிறந்த வேலை அது. தனியாக ஒரு தகட்டில் அச்சடித்துக் கட்டிலுக்கு எதிரே மாட்டினார். அதோடும் நிற்கவில்லை. எல்லாக் கையேட்டின் கடைசிப் பக்கத்திலும், 'வரி உடைந்த முகவரியைப் படிப்பது எப்படி' என்று ஒரு விளக்கமும் அதன்கீழ் ஒரு மாதிரி முகவரியும் போடுவது வழக்கம். எந்த முகவரி என்பது அடுக்குநர் விருப்பம். ஆவுடையப்பன் உலகம்மாளின் முகவரியைப் போட்டார். பதினொரு ஆண்டில் முந்நூற்றுப் பதினெட்டு கையேடுகள், கோடிக்கணக்கான படிகள். நீர் வடிகட்டி, பொய்ப்பல், குழந்தைத் தொட்டில், பிணப்பேழை, எல்லாவற்றின் பின்னாலும் அவள் இருந்தாள். பதில் எழுதியது போலவே அவருக்கு ஆறுதலாக இருந்தது.

"கடுதாசில என்னடே போட்டிருக்கான்?"

"ஏழு வருசமா மனுசக் காலு படாத முகவரிய அழிக்கப் போறானாம். இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு. வீட்டுக்காரி கடைசியா வந்தது ஏழு வருசத்துக்கு முந்தி. மத்தவங்க வந்தது..." சுடலைமுத்து தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "பூஜ்யம். அழைக்கப்பட்ட விருந்தாளி ஆவுடையப்பன் வந்தது, அதுவும் பூஜ்யம்."

"அது எப்பிடிடே பூஜ்யம்? கோடித் தகட்டுல இருக்கு. ஒருத்தனாவது போயிருக்க மாட்டானா?"

"நான் வீட்டுல இருவது கையேடு வச்சிருக்கேன் அண்ணாச்சி. பாக்க லெச்சணமா இருக்கு. எவன் இருநூறு எழுத்த அடிப்பான்?" சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குப் பட்டது. "ஒரேயொருதரம் நீங்க போனாப் போதும்லா. அழிக்க மாட்டான்."

"பாக்கலாம்."

"பாக்கலாம்னு சொல்லாதிய. ஆறு மணிக்குள்ள பாருங்க." பக்கங்களை அள்ளிக்கொண்டு சுடலைமுத்து போனார்.

ஆவுடையப்பன் சாக்கடைக் கையேட்டில் இன்னும் நாலு முகவரி உடைத்தார். சாப்பிட்டார். பாத்திரத்தை இரண்டு முறை கழுவினார். கடைசியில் மெய்யனிடம், "அந்த மாதிரி முகவரி எப்பிடி இருக்கு?" என்றார்.

"முகவரி உயிருடன் உள்ளது" என்றது மெய்யன். பதினொரு ஆண்டாக அந்த ஒரு வாக்கியத்தில் அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். இன்று அது போதவில்லை. கட்டிலுக்கு எதிரே இருந்த தகட்டைக் கழற்றி எடுத்துவந்து, பார்வைப் பலகையின் முன் உட்கார்ந்தார்.

பொறிகள் எந்த முகவரியையும் கண்சிமிட்டும் நேரத்தில் படித்துவிடும். மனிதன் போக வேண்டுமானால் ஒவ்வொரு எழுத்தாக விரலால் அடித்தாக வேண்டும். லட்சக்கணக்கான முகவரிகளை அடுக்கிய மனிதருக்கு அன்றுதான் ஒன்று தெரியவந்தது. ஒரே நீளமான வரிகள் படிப்பதற்கு ஆகாதவை. பலகையைப் பார்த்துவிட்டுத் தகட்டுக்குத் திரும்பினால் எந்த வரியில் விட்டோம் என்று புரியவில்லை. நான்கும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன. இரண்டு முறை தவறிப்போய் மூன்றாவது முறை விரலை வைத்துக்கொண்டு அடித்தார். பூமிக்குச் செய்தி போய்த் திரும்ப இரண்டரை நொடி. திறந்தது.

வீட்டுப் படம் ஒன்றும் இல்லை. ஒரு சின்ன அறை, அதில் எதிரெதிராக இரண்டு பிரம்பு நாற்காலிகள். இருக்கை என்பது பிரிந்திருப்பவர்கள் சந்திப்பதற்காக வாடகைக்கு விடும் இடம். ஒருவர் வந்து ஒரு நாற்காலியில் அமர்ந்தால், மற்றவர் எந்த உலகத்திலிருந்தும் எதிர் நாற்காலியில் வந்து அமரலாம். வராதவருக்குச் சுவரில் எழுதிவைத்துவிட்டுப் போகலாம். சுவர் முழுக்க எழுத்து இருந்தது.

'இன்னைக்கு மொத நாளு. வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து உக்காந்திருக்கேன். எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. ஒங்களுக்கு இருந்தா இங்க வந்து பேசுங்க.'

'சோலி இருக்கும். அடுத்த வெள்ளிக்கெழம பாப்போம்.'

'முட்டு வலி கொறஞ்சிருக்கு. நல்ல மழ. சத்தம் ஒங்களுக்குக் கேக்கட்டும்னு ஜன்னலத் தொறந்து வச்சிருக்கேன். நேரமாகி அடச்சிட்டுப் போறேன்.'

அப்படி இருநூறு வெள்ளிக்கிழமைகள். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். அடுப்பு மாற்றியது, பக்கத்து வீட்டுக் கல்யாணம், வேப்பமரத்தை வெட்டியது. ஒருமுறை வெறும் 'வந்தேன்'. நான்காவது ஆண்டுக் கடைசியில் ஒன்று நீளமாக இருந்தது.

'ஆசுபத்திரியில தண்ணி வடிகட்டுத மிசினு பக்கத்துல ஒங்க தகடு தொங்குச்சு. கடசிப் பக்கத்துல நம்ம முகவரி. நாலு வரி, ஒரு பிசிறு இல்ல. என்ன அழகு! நான் இத்தன நாளும், கடுதாசி கெடைக்கலியோ, எங்கயும் தொலஞ்சிட்டோன்னு இருந்தேன். கெடைச்சிருக்கு. எழுத்தெழுத்தா எண்ணிப் பாத்திருக்கிய. பாத்துட்டுத்தான் வராம இருந்திருக்கிய. ஊருக்கெல்லாம் மாதிரின்னு காட்டுதிய. இனி நான் இங்க வரல. ஒங்கள ஒண்ணும் சொல்லல. என்னைக்காவது வந்தா, நான் இருக்க எடம் இதுதான்.'

அதன்கீழ் ஒரு புதிய முகவரி. இருநூற்று அறுபது எழுத்து. கண்டபடி மடங்கிய வரிகள்.

ஆவுடையப்பன் அழுதார். நிலவில் கண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அது கன்னத்தைக் கடந்து தாடைக்கு வருவதற்குள் அவர் மெய்யன் பக்கம் திரும்பிவிட்டார்.

"இதெல்லாம் ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். கையேட்டுக்கு ஒரு முறை வீதம் முந்நூற்றுப் பதினெட்டு முறை போயிருக்கிறேன். பொறிகளின் வருகையை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை."

"பாவி, ஏன் சொல்லல?"

"முகவரி உயிருடன் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் ஒருமுறையும் கேட்கவில்லை."

வெள்ளிக்கிழமை, மணி ஐந்தரை. ஆறு மணிக்கு அச்சுப்பொறி அன்றைய கையேட்டைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். சாக்கடைக் கையேட்டின் கடைசிப் பக்கம் அடுக்குப் பலகையில் திறந்தே கிடந்தது. ஆவுடையப்பன் பழைய மாதிரி முகவரியை எடுத்துவிட்டுப் புதியதை அந்த இடத்தில் எழுதினார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவரைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. பயந்த மனிதனின் கை தனக்குத் தெரிந்த வேலையைத் தேடும், அவ்வளவுதான். முதல் வரி அமைந்தது. இரண்டாவது அமைந்தது. மூன்றாவது இரண்டு எழுத்து நீண்டு ஓரத்தைத் தாண்டி நின்றது.

மெய்யனின் கண் பக்கத்தின் மேல் ஓடியது. "முகவரி உயிருடன் உள்ளது" என்றது. பிறகு, இதுவரை செய்யாத காரியமாக, கேட்காமலே மேலும் பேசியது. "உள்ளே ஒருவர் இருக்கிறார்."

ஆவுடையப்பனின் கை நின்றது.

"வயதான பெண். இரண்டு பிரம்பு நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்றில் அமர்ந்திருக்கிறார். கதவு திறந்திருக்கிறது. போகிறீர்களா?"

"ஒரு நிமிசம்" என்றார் அவர். "இந்த மூணாவது வரிய மட்டும் சரி பண்ணிட்டு..."

சாய்கோட்டைத் தேடினார். வசதியான இடத்தில் சாய்கோடு இல்லை. புள்ளிக்கு முன்னால் வெட்டினால் நாலாவது வரி குட்டையாகும். இரண்டாவது வரியிலிருந்து நாலு எழுத்தைக் கீழே தள்ளினால்? தள்ளினார். ஒரு எண் பிளந்தது. மறுபடி மேலே ஏற்றினார்.

"அவர் எழுந்துகொள்கிறார்" என்றது மெய்யன். "கையில் குடை இருக்கிறது."

"மழையா?"

"அதை நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்."

ஆவுடையப்பன் அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். முப்பது ஆண்டுத் தொழிலில் அவர் ஒரு வரியை ஓரத்துக்கு வெளியே நீட்டவிட்டு எழுந்தது அதுதான் முதல் தடவை. பார்வைப் பலகைக்கு ஓடினார். நிலவில் ஓடினால் மிதக்கத்தான் முடியும், மேசையில் இடித்துக்கொண்டார். இருநூற்று அறுபது எழுத்தையும் அவளுடைய கோணல் கையெழுத்தைப் பார்த்தே அடித்தார். நீண்டதும் குட்டையுமாக எந்த வரியும் எந்த வரியைப் போலவும் இல்லாததால், அவருக்கு ஒரு இடத்திலும் வரி தவறவில்லை.

"யாரு?"

குரல் வயதாகியிருந்தது. முகம் வருவதற்குள் அவர் பேசிவிட்டார்.

"நாந்தான். நான் இன்னைக்குத்தான் தொறந்து பாத்தேன் உலகு. சத்தியமா இன்னைக்குத்தான்."

இரண்டரை நொடி வானத்துக்கு உரியது. அதற்கு மேலும் நீண்ட அமைதி அவளுடையது. அவள் பின்னால் ஏதோ சடசடவென்று ஓயாமல் கேட்டது. முப்பது ஆண்டு கழித்துக் கேட்டதால், அது மழை என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்பம் பதினோரு வருசமா அதுல என்னத்தப் பாத்திய?"

"வரி ஒடையுத எடத்த" என்றார் ஆவுடையப்பன்.

அவள் குடையை மடித்து நாற்காலி ஓரத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்கு அச்சுப்பொறி கையேட்டை இழுத்துக்கொண்டது. மெய்யன் தடுக்கவில்லை. முகவரி உயிருடன் இருந்தது. வரி நேராக இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை.

மூன்று மாதம் கழித்துச் சுடலைமுத்து ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுக்கு மேசை காலியாக இருந்தது. மாலை ஐந்து மணிக்கு மேல் அண்ணாச்சி பார்வைப் பலகையை விட்டு நகர்வதில்லை என்பது இப்போது ஊருக்கே தெரியும். அவருடைய எலும்பு இனிப் பூமியைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், இருப்பது அந்த நாற்காலிதான்.

"அண்ணாச்சி, நானூத்திப் பன்னெண்டு கடுதாசி! பதினோரு வருசத்துல கையேட்டுக்கு ஒரு கடுதாசி வந்தது கெடையாது."

"அங்ஙன வையிடே. பொறவு பாக்கேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பொறுக்காமல் சுடலைமுத்தே உட்கார்ந்து பிரித்தார். எல்லாம் சாக்கடை அடைப்பு நீக்கும் பொறியின் கையேட்டைப் பற்றியவை. கடைசிப் பக்கத்து மாதிரி முகவரியில் மூன்றாவது வரி இரண்டு எழுத்து ஓரத்தைத் தாண்டி நிற்கிறது, கண்ணை உறுத்துகிறது, இதுதான் மாதிரியா, அரசாங்கம் என்ன செய்துகொண்டிருக்கிறது? சிலர் அளவுகோல் வைத்து அளந்து படமே போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒரு பள்ளி ஆசிரியர் தன் வகுப்பு முழுவதையும் கையெழுத்துப் போட வைத்திருந்தார்.

அந்த முகவரிக்குப் போய்ப் பார்த்ததாக ஒருவரும் எழுதவில்லை.